குழந்தை யார் சாயல்

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்த கோவிந்தம்மாள், கார் விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. இது லேசான சமாச்சாரம் இல்லை. அந்த அம்மாள் பேசாமல் இருக்கிறாள் என்றால் ஒன்று காய்ச்சலாக இருக்க வேண்டும், இல்லை பெரிதாக ஏதோ வரப் போகிறது என்று அர்த்தம். பின்சீட்டில் பக்கத்தில் இருந்த தம்பி மனைவி பிரபாவதி அவளை ஓரக்கண்ணால் கவனித்தாள். முன்னால் பிரபாவதியின் புருஷன் சக்கரபாணி ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர்கள் மகன் குமரேசன் வண்டி ஓட்டினான். நேற்று அப்பனான பையன், முகத்தில் அந்தக் களையைக் காணோம்.

“ஏம்மா பிரபா, கொழந்தைக்குக் கண்ணே தொறக்கலியே, கவனிச்சியா?” என்று ஆரம்பித்தாள் கோவிந்தம்மாள்.

பிறந்த பிள்ளைகள் அப்படித்தான் இருக்கும் என்றாள் பிரபாவதி. மூக்கு? மூக்கும் அப்படித்தான், போகப் போக எழும்பும். முடி? குத்திட்டு நிற்கிறதே, துடைப்பக் குச்சி மாதிரி? அதுவும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் பிரபாவதி பதில் வைத்திருந்தாள். கடைசியில் கோவிந்தம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, யாருக்கோ சொல்வதைப் போலச் சொன்னாள்.

“எனக்கு இன்னாமோ கொரியாக்காரன் மாதிரி தெரியுது.”

கார் ஒரு குலுங்கு குலுங்கி, திரும்ப நேராக ஓடியது.

கொரியாக்காரன் எங்கிருந்து வந்தான் என்று கேட்பீர்கள். மருமகள் கலைப்பிரியா கல்யாணத்துக்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரியாக் கம்பெனியில் வேலை செய்தவள். கார் விளக்குகளில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஒதுக்கித் தள்ளுகிற வேலை. கெட்டிக்காரி, சீக்கிரமே பத்துப் பெண்களுக்கு மேலே லீடர் ஆனாள். கல்யாணத்துக்குக் கம்பெனி மேனேஜரைக் கூப்பிட, அந்தக் கொரியாக்காரரும் திண்டிவனம் மண்டபத்துக்கு வந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, இலையில் கையால் சாப்பிட்டு, ரசத்தில் மூக்கு சிவந்து போனார். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெருமை பிடிபடவில்லை. சக்கரபாணி அவரை மணமேடைக்கு இழுத்து வந்து, பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து போட்டோ எடுத்தார். ஆல்பத்தில் அந்தப் பக்கத்தைக் காட்டாமல் யாரையும் வீட்டை விட்டு அனுப்பியதில்லை. இப்போது அதே போட்டோ பேச ஆரம்பித்துவிட்டது. பாவம் அந்த மனிதர், எந்த ஊரில் எதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாரோ, அவருக்குப் புரையேறியிருக்கும்.

இன்னொரு கூத்தும் உண்டு. குழந்தை நல்ல சிவப்பு. கலைப்பிரியா கறுப்பு, குமரேசன் அதைவிடக் கொஞ்சம் கூட. அந்தக் குடும்பத்தில் யாராவது பிள்ளைத்தாய்ச்சி ஆனால் கோவிந்தம்மாளே குங்குமப்பூ வாங்கிக்கொண்டு வந்து நிற்பாள். திருவெண்ணெய்நல்லூர் பக்கத்துக் கரும்பு நிலத்திலும், தங்கள் வம்சத்திலும், சிவப்பு நிறத்திலும் அவளுக்கு அப்படி ஒரு பற்று. ஒரு பிள்ளை சிவப்பாகப் பிறந்து, அதற்காக அந்த வீடு துக்கம் கொண்டாடியது அதுதான் முதல் தடவை.

பிரபாவதிக்கு மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டிய அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கண், அந்த மூக்கு, அகன்ற கன்னம், எல்லாம் அவளைப் பெற்ற தாயின் முகம். அவ்வளவு காலத்துக்கு முன் செத்துப் போனவள் ஒரு வெள்ளைத் துணிக்குள் திரும்பி வந்து கிடந்தாள். பிரபாவதிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டையும் மென்று விழுங்கினாள்.

பிரபாவதியின் அப்பா சுப்பராயலு புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து வியட்நாம் போய், சண்டை முடிந்து திரும்பும்போது ஒரு பெண்டாட்டியோடு வந்தார். புதுச்சேரியில் அப்படி வந்த குடும்பங்கள் இன்னும் சில இருந்தன, தெருவில் யாரும் நின்று வேடிக்கை பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் வேறு கதை. அங்கே பிரபாவதிக்குச் சப்பை மூக்கி என்று பேர் வைத்துவிட்டார்கள். அவள் மூன்றாவது படிக்கும்போது அம்மா காய்ச்சலில் போய்விட, திண்டிவனத்திலிருந்து அத்தை முனியம்மாள் வந்து அவளைக் கையோடு அழைத்துப் போனாள். கெட்டவள் இல்லை அந்த அத்தை. பெற்ற பிள்ளையாகத்தான் வளர்த்தாள். ஆனால் முதல் நாளே உட்கார வைத்துச் சொல்லிவிட்டாள்: உன் அம்மா காரைக்கால்காரி, யார் கேட்டாலும் அதுதான், இல்லையென்றால் உன்னை ஒருத்தனும் கட்டமாட்டான்.

பிரபாவதி அதைப் பிடித்துக்கொண்டாள். வளர வளர மூக்கும் கொஞ்சம் எழும்பியது, கண்ணுக்கு மை தீட்டி நீட்டிக்கொள்ளப் பழகினாள். மிச்சம் நின்றது நிறம் ஒன்றுதான். அந்த நிறத்துக்காகவே விழுப்புரத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். நம் வீட்டுக்கு நிறம் கொண்டு வந்தவள் என்று மாமனார் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். காரைக்கால் தண்ணீர் அப்படி என்று கோவிந்தம்மாள் அதற்கு விளக்கம் வேறு சொல்வாள். கேட்கும்போதெல்லாம் பிரபாவதி தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். உள்ளே இருந்தது பயம், வேறொன்றும் இல்லை.

பேச்சு வளர்ந்தது. விழுப்புரத்தில் கண், காது, மூக்கு வைத்து வளர்ந்தது. பங்காளி வீடுகளில் கேட்டார்கள், கடைக்கு வந்தவர்கள் கேட்டார்கள். குமரேசன் புதுச்சேரி ரோட்டில் மோட்டார், பைப் கடை வைத்திருந்தான். குழந்தை போட்டோவைக் காட்டு என்று கேட்கிறவர்களிடம் போனில் சார்ஜ் இல்லை என்று சொல்லக் கற்றுக்கொண்டான். வாரத்துக்கு இரண்டு தடவை திண்டிவனம் போனவன் அதை ஒரு தடவையாகக் குறைத்தான், பிறகு கடையில் ஆள் இல்லை என்றான். போனாலும் குழந்தையின் காலைத் தொட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் நின்று வந்துவிடுவதாகக் கலைப்பிரியாவின் அம்மா வேணி போனில் சொல்லி அழுதாள்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே பிரபாவதியிடம் விஷயத்தைச் சொன்னான். டி.என்.ஏ. டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. பாக்கெட்டில் பஞ்சுக் குச்சி வரும், குழந்தையின் வாய்க்குள் ஒரு தடவு தடவி அனுப்பினால் போதும். வரவழைத்துவிட்டான், கோவிந்தம்மாளிடமும் சொல்லியாகிவிட்டது. தொட்டில் போடுகிற அன்றைக்குக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாமல் எடுத்துவிடப் போகிறான்.

“உன் பொண்டாட்டியைப் பார்த்தா உனக்கு அப்படித் தோணுதாடா?” என்று கேட்டாள்.

“தோணலம்மா. தோணாதப்பவும் தூக்கம் வரமாட்டேங்குது. நான் இன்னா பண்றது, நீயே சொல்லு.”

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அவள் நாக்கு வரை வந்தது. அந்த நேரம் பார்த்து சக்கரபாணி கை கழுவ உள்ளே வந்தார். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று மகனைக் கேட்டாள் பிரபாவதி. தன் மேலேயே அவளுக்கு அவ்வளவு வெறுப்பு அதற்கு முன் வந்ததில்லை.

மறுநாள் யாரிடமும் விவரம் சொல்லாமல் பஸ் ஏறித் திண்டிவனம் போனாள். வேணி வீட்டுப் பின்பக்கம் குழந்தைக்குக் குளியல் நடந்துகொண்டிருந்தது. காலை நீட்டி உட்கார்ந்து, பேத்தியைக் காலில் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள் வேணி. பிறகு மல்லாக்கப் புரட்டி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மூக்கைப் பிடித்து இழுத்தாள். எல்லா வீட்டிலும் செய்வதுதான், மூக்கு எடுப்பாக வரட்டும் என்று. ஆனால் இது அந்த இழுப்பு இல்லை. குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு வீறிட்டது. மூக்குத் தண்டு சிவந்து கன்றிப் போயிருந்தது. அதற்கப்புறம் இரண்டு கண்ணோரத்தையும் விரலால் விரித்து விரித்து நீவினாள். நீவிக்கொண்டே அழுதாள் வேணி. பக்கத்தில் கலைப்பிரியா கையில் துண்டோடு சுவரைப் பார்த்து நின்றாள்.

பிரபாவதிக்குச் சின்ன வயசுத் தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. அவள் அம்மாவும் இதைத்தான் செய்தாள். எதிர்வீட்டுக்காரி சொல்லிக் கொடுத்த வித்தை. தினம் குளிக்க வைக்கும்போது, தன்னைப் போலவே இருந்த மகளின் மூக்கைத் தன் விரலாலேயே பிடித்து இழுத்தாள், மகள் தன்னைப் போல ஆகிவிடக் கூடாது என்று. எவ்வளவு வேதனையோடு இழுத்திருப்பாள் என்று பிரபாவதி அன்று வரை நினைத்துப் பார்த்ததே இல்லை. தனக்கு வலித்தது மட்டும்தான் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

“வுடுங்க சம்மந்தி. மூக்கு எப்படி இருக்குதோ அப்படியே இருக்கட்டும்.”

வேணி கையை எடுத்துவிட்டு, முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கலைப்பிரியா குழந்தையைத் துண்டில் வாரிக்கொண்டு வந்து மாமியாருக்கு எதிரில் நின்றாள்.

“பஞ்சுக் குச்சி வாங்கி வெச்சிருக்காராமே அத்தை. உங்க நாத்தனாரு பெரியத்தை இங்க ஒருத்தர்கிட்ட போன்ல சொல்லியிருக்காங்க, அது ஊர் சுத்தி எங்கிட்ட வந்துடுச்சி. எடுக்கட்டும், திருட்டுத்தனமாவே எடுக்கட்டும். இது அவர் கொழந்தைன்னு ரிசல்ட் வரும். அது வந்த அன்னையிலிருந்து நான் அந்த வூட்டு வாசப்படிய மிதிக்கமாட்டேன். அத மட்டும் சொல்லிடுங்க.”

சத்தம் போடாமல் சொன்னாள். கீறல் விழுந்த விளக்கை ஒதுக்கித் தள்ளிப் பழகிய பெண், சொன்னால் செய்வாள். பிரபாவதி குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, அது தூங்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். இங்கேயே இவளிடம் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொன்னால் இவள் அழுகை நிற்கும், அங்கே விழுப்புரத்தில் பேச்சு நிற்காது. சொல்ல வேண்டியது அங்கே உள்ளவர்களிடம். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வாயைத் திறந்தால் புருஷன் என்ன சொல்வாரோ, பங்காளிகள் படையலுக்குச் சேர்ப்பார்களோ மாட்டார்களோ தெரியாது. திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பது நன்றாகத் தெரியும். கூட்டேரிப்பட்டு நிறுத்தத்தில் யாரோ வேர்க்கடலை, அதாவது அங்கே சொல்கிற மல்லாட்டை, விற்றுக்கொண்டு ஏறினார்கள். ஒரு பொட்டலம் வாங்கி, உரிக்காமலேயே ஊர் வரை மடியில் வைத்திருந்தாள்.

தொட்டில் போடுகிற நாள் வந்தது. ஊருக்காகவாவது போயாக வேண்டும் என்று சக்கரபாணி சொல்லிவிட்டார். தட்டில் பூ, பழம், வெள்ளி அரைஞாண், பட்டுத்துணி எல்லாம் முறைப்படி போயின. முகங்கள்தான் இழவுக்குப் போகிற முகங்களாக இருந்தன. குமரேசனின் சட்டைப் பையில் அந்தப் பாக்கெட் துருத்திக்கொண்டிருந்ததைப் பிரபாவதி காரிலேயே பார்த்துவிட்டாள்.

வேணி வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள். புடவைத் தொட்டில் கட்டி, அதில் குழவிக்கல்லைப் போட்டு ஆட்டி எடுத்தார்கள். அடுத்தது குழந்தை. அத்தை முறைக்காரி மடியில் போட்டு, அரைஞாண் கட்டி, காதில் பேர் சொல்ல வேண்டும். குமரேசனுக்கு அக்கா தங்கை கிடையாது. சக்கரபாணியின் அக்கா என்கிற முறையில் அந்த வீட்டு விசேஷம் எல்லாவற்றிலும் கோவிந்தம்மாளே அந்த இடத்தில் உட்காருவாள், யாராவது மறந்தால் சண்டை போட்டு உட்காருவாள். வேணி மணையைப் போட்டு, உட்காருங்கள் என்றாள்.

“எனக்கு முட்டி வலிம்மா. கீழ ஒக்கார முடியாது. வேற யார்னா வெச்சி ஜல்தியா முடிங்க” என்றாள் கோவிந்தம்மாள்.

முட்டி வலி எந்த வலி என்று அங்கே தெரியாதவர் யாரும் இல்லை. வேணி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். கலைப்பிரியா குழந்தையை இறுக்கிப் பிடித்தபடி எழுந்து உள்ளே போகத் திரும்பினாள். பிரபாவதி போய் அவளை மறித்தாள்.

“குடும்மா” என்று குழந்தையை வாங்கினாள். கூடத்து நடுவில், வெளிச்சமாக இருந்த இடத்துக்கு வந்தாள். முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து, கண் பெரிதாகத் தெரியட்டும் என்று வேணி குழந்தைக்கு அப்பியிருந்த மையைத் துடைத்தாள். அதே நுனியால் தன் இரண்டு கண்ணையும் அழுத்தித் துடைத்தாள். பிறகு குழந்தையைத் தூக்கித் தன் கன்னத்தோடு கன்னமாக வைத்துக்கொண்டு நாத்தனாருக்கு எதிரில் நின்றாள்.

“அண்ணி, என்னைப் பாருங்க. இதையும் பாருங்க.”

கோவிந்தம்மாள் பார்த்தாள். முப்பது வருஷத்துக்கு மேலாகத் தினம் பார்த்த முகம்தான்.

“எங்கம்மா காரைக்கால்காரி இல்ல அண்ணி. நான் சொன்னது பொய். அவங்க வியட்நாம். எங்கப்பா பட்டாளத்துல இருந்தப்போ சைகோன்ல கட்டிக்கினு வந்தாரு. அவங்க பேரு லான். இந்தக் கொழந்த அவங்கள அப்படியே உரிச்சி வெச்சிருக்குது. மொத நாளே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் என் மானம் போயிடும்னு வாய மூடிக்கினு இருந்தேன். தப்பு என் மேல. அந்தப் பொண்ணு மேல இல்ல.”

அம்மாவின் பேரை அத்தனை பேர் முன்னால் சொன்னது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. என்ன வந்தாலும் வரட்டும் என்று நின்றாள். உள்ளுக்குள் ஒரு பெரிய சுமை இறங்கி, மூச்சு நன்றாக வந்தது.

நாற்காலியிலிருந்து சக்கரபாணி எழுந்து வந்தார். பெண்டாட்டியைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார், மறுபடி பெண்டாட்டியைப் பார்த்தார்.

“அப்போ அந்த நெறம்?”

“எங்கம்மாதுங்க.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா கட்டியிருப்பீங்களா?”

மனிதர் நேர்மையாக யோசித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். மேலே ஓடிய மின்விசிறியை ஒரு முறை பார்த்தார்.

“மாட்டேன். எங்கப்பா வுட்டிருக்கமாட்டாரு, நானும் அவர் பேச்சைத்தான் கேட்டிருப்பேன்” என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “நல்லவேளை சொல்லாம இருந்த” என்றார்.

பிரபாவதி அதை எதிர்பார்க்கவே இல்லை. அழுதுவிட்டாள். கூட்டத்தில் இருந்த பெண்கள் கிட்டே வந்து, கண்ணையும் கன்னத்தையும் ஒத்துப் பார்த்து, ஆமாம் ஆமாம் என்றார்கள். சிலர் அப்போதே அடுத்த வீட்டுக்குச் சொல்ல வேண்டிய கதையை மனதுக்குள் கட்ட ஆரம்பித்திருப்பார்கள். கட்டட்டும், இந்தத் தடவை கதையாவது நிஜமாக இருக்கும். கோவிந்தம்மாள் இருந்த இடத்திலேயே நின்றாள். கண் அப்படியே இருக்கிறது என்று முணுமுணுத்தாள். பிறகு யாரும் கூப்பிடாமலே மணைப் பக்கம் நகர்ந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு குனியப் பார்த்தாள்.

“வேணாங்க பெரியத்தை. முட்டி வலிக்கும். அத்தையே பேர் வெக்கட்டும்” என்றாள் கலைப்பிரியா.

மரியாதையாகத்தான் சொன்னாள். கோவிந்தம்மாள் முகம் கறுத்து, பின்னால் போய் நின்றாள். பிரபாவதி மணையில் உட்கார்ந்து, அரைஞாண் கட்டி, குழந்தை பிறப்பதற்கு முன்பே குமரேசனும் கலைப்பிரியாவும் பேசி வைத்திருந்த தமிழ்மணி என்கிற பேரைக் காதில் சொன்னாள். குழந்தை கொட்டாவி விட்டது. எல்லோரும் சிரித்தார்கள், வேணி கூடச் சிரித்தாள்.

குமரேசன் அப்போதுதான் சாய்ந்து நின்றிருந்த தூணை விட்டு வந்தான். கண் கலங்கியிருந்தது. குழந்தைக்குக் கையை நீட்டினான். கலைப்பிரியா நடுவில் வந்தாள்.

“பாக்கெட்ல இருக்கிறத எடுங்க.”

எடுத்தான். அவள் அதை வாங்கக்கூட இல்லை. அவனே நடந்து போய் வாசலில் இருந்த குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வந்து நின்றான். தன்னை மன்னித்துவிடச் சொன்னான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னான்.

“விழுப்புரத்துக்கு எப்போ வர்றதுன்னு நான் அப்புறம் சொல்றேன். வந்தா அத்தைக்காகத்தான் வருவேன், இப்போதிக்கி” என்றாள் கலைப்பிரியா. பிறகு மாமியார் மடியிலிருந்து பெண்ணை எடுத்து அவனிடம் நீட்டினாள். “இந்தாங்க. பொறந்ததுல இருந்து நீங்க இவ காலைத்தான் பார்த்திருக்கீங்க. மூஞ்சியைப் பார்த்துத் தூக்குங்க.”

அவன் வாங்கிக்கொண்டு முகத்தைப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி, மை அழிந்த கண்ணோடு மணையில் உட்கார்ந்திருந்த தன் அம்மாவைப் பார்த்தான்.